தானா அபாங்: மஞ்சள் கூடைக்குப் போன துணிச் சந்தை

ஜகார்த்தாவின் தானா அபாங் ரயில் நிலையத்தில் காலையில் இறங்கும் கூட்டத்தை எளிதாக இரண்டாகப் பிரித்துவிடலாம். கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓடுகிறவர்கள் அலுவலகம் போகிறவர்கள். காலிப் பைகளை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறவர்கள் துணி எடுக்க வந்தவர்கள். இந்த இரண்டாவது கூட்டம், நிலையத்திலிருந்து கிளம்பும் நடைமேம்பாலத்தில் ஏறிச் சந்தைக்குப் போகிறது. சாலையை அடைத்துக்கொண்டிருந்த நடைபாதை வியாபாரிகளுக்கு இடம் கொடுப்பதற்காகக் கட்டி, 2018 டிசம்பரில் திறந்த பாலம் அது. அதன் மேலேயே வரிசையாகக் கடைகள்.

பாலத்துக்குக் கீழே நீல நிற ஆட்டோக்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். ஜகார்த்தாவில் ஆட்டோவுக்கு 'பஜாய்' என்று பெயர். 1970-களில் இந்தியாவிலிருந்து போன பஜாஜ் வண்டி, தன் பெயரையே அந்த ஊர் ஆட்டோக்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டது. அவற்றுக்கு இடையே பச்சை ஜாக்கெட் போட்ட பைக் டாக்ஸிக்காரர்கள், கைப்பேசியில் கண் வைத்தபடி அடுத்த சவாரிக்குக் காத்திருப்பார்கள்.

சந்தைக்குள் நுழைந்தால் இருபுறமும் ஒரே அழைப்பு: "போலே, காக்!" 'காக்' என்பது அக்காவுக்கும் அண்ணனுக்கும் பொதுவான விளி. 'தாராளமாகப் பாருங்கள்' என்பது அந்த அழைப்பின் பொருள். முக்காடுகள், தொழுகைக்கு உடுத்தும் வெள்ளை முக்கேனாக்கள், பாத்திக் சட்டைகள், குழந்தைகளுக்கான பண்டிகை உடைகள் என்று மாடிக்கு மாடி துணிதான். தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பெரிய துணிச் சந்தை என்று பெயர் வாங்கிய இடம் இது. ஆனால் 2023-க்குப் பிறகு இதைப் பற்றிப் பத்திரிகைகளில் செய்தி வந்தால், பெரும்பாலும் பூட்டிய கடைகளின் படத்தோடுதான் வந்தது.

சனிக்கிழமைச் சந்தை

'தானா' என்றால் மண். ஜாவா மொழியில் 'அபாங்' என்றால் சிவப்பு. செம்மண் பூமி என்பதுதான் இந்தப் பெயருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், 1735-ல் யுஸ்டினுஸ் ஃபிங்க் என்பவர் இங்கே சந்தை நடத்த அரசிடம் அனுமதி வாங்கினார். அதே ஆண்டு செனென் என்ற இன்னொரு சந்தைக்கும் அவரே அனுமதி பெற்றார். அது திங்கள்கிழமைச் சந்தை, இது சனிக்கிழமைச் சந்தை. ஐந்தே ஆண்டுகளில், 1740-ல், நகரில் சீனர்களுக்கு எதிராக நடந்த படுகொலைக் கலவரத்தில் தானா அபாங் சந்தையும் எரிந்தது. மறுபடி எழுந்தது. 2003-ல் பெரும் தீ விபத்து வந்தது. அதற்குப் பிறகும் எழுந்தது. இன்று தலை உயர்த்தி நிற்கும் 'ஏ' பிளாக் அந்தத் தீக்குப் பிறகு கட்டியதுதான்.

கடைகளில் கணிசமானவை மேற்குச் சுமத்ராவைச் சேர்ந்த மினாங்கபாவ் மக்களுடையவை. சொத்து பெண் வழியில் போகும் சமூகம் அது. ஆண்பிள்ளை வளர்ந்ததும் ஊரைவிட்டு வெளியே போய்ப் பிழைத்துக் காட்ட வேண்டும் என்பது அவர்களின் பழைய வழக்கம். அப்படிக் கிளம்பியவர்களில் பலருக்கு இந்தச் சந்தைதான் முதல் முகவரி. அதனால்தான் சந்தையைச் சுற்றி எங்கு திரும்பினாலும் பாடாங் சாப்பாட்டுக் கடை. உட்கார்ந்ததும் பத்துப் பதினைந்து கிண்ணங்களில் கறி வகைகளைக் கொண்டுவந்து மேசையில் அடுக்கிவிடுவார்கள். தொட்டதற்கு மட்டும் காசு.

மொத்த வியாபாரத்தில் துணியைக் 'கோடி' கணக்கில்தான் விற்பார்கள். நம் கோடி அல்ல, 20 உருப்படி சேர்ந்தால் ஒரு கோடி. வியாபாரத்தில் போடும் முதலுக்கு அங்கே 'மோடால்' என்று பெயர். தமிழ் 'முதல்' கடல் தாண்டிப் போய் அப்படி ஆகியிருக்கிறது. 'கெடாய்' என்றால் கடை. மூட்டை சுமப்பவர் 'குலி'. தமிழ்க் காதுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இந்தோனேசியாவில் 17,000-க்கும் அதிகமான தீவுகள். ஏறத்தாழ 28 கோடி மக்கள். மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிவரை 5,000 கிலோமீட்டருக்கு மேல். சுமத்ராவிலோ சுலவேசியிலோ ஒரு சிறிய ஊரில் துணிக்கடை வைத்திருப்பவர், சரக்கு எடுக்க ஜகார்த்தாவுக்கு வந்தாக வேண்டும். மலேசியாவிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும்கூட வியாபாரிகள் வருவார்கள். வந்தவர் துணியைத் தொட்டுப் பார்ப்பார், பேரம் பேசுவார், பழகிய கடை என்றால் கொஞ்சம் கடனும் சொல்லிவிட்டுப் போவார். வந்தே தீர வேண்டிய இடம் என்பதுதான் தானா அபாங்கின் உண்மையான முதல். கைப்பேசி கைவைத்தது அந்த முதலில்தான்.

கைப்பேசிக்குள் ஒரு கடைத்தெரு

2009 ஆகஸ்ட் 17, இந்தோனேசியாவின் சுதந்திர தினம். அன்று வில்லியம் தனுவிஜாயா, லியோன்டினுஸ் அல்ஃபா எடிசன் என்ற இரண்டு இளைஞர்கள் 'டோக்கோபீடியா' என்ற இணையச் சந்தையைத் திறந்தார்கள். 'டோக்கோ' என்றாலும் கடைதான். அடுத்த ஆண்டு 'புக்காலாபாக்' வந்தது. 'கடை விரி' என்பது அந்தப் பெயரின் பொருள். அதே 2010-ல், நதியெம் மக்காரிம் என்பவர் 20 பைக் ஓட்டுநர்களையும் ஒரு தொலைபேசி அழைப்பு மையத்தையும் வைத்துக் 'கோஜெக்' தொடங்கினார். 2015-ல் அது ஆப் ஆனது. அதே ஆண்டு சிங்கப்பூரிலிருந்து 'ஷாப்பீ' வந்து இறங்கியது.

இவை மக்களிடம் பரவியதற்கு முக்கியக் காரணம் 'ஓங்கிர்'. டெலிவரிச் செலவை அங்கே அப்படித்தான் சுருக்கிச் சொல்கிறார்கள். தீவுகளால் ஆன நாட்டில், ஒரு சட்டையின் விலையைவிட அதை அனுப்பும் செலவு அதிகமாகிவிடும். ஆப்கள் முதலீட்டாளர்களின் பணத்தைக் கொட்டி 'ஓங்கிர் இலவசம்' என்று அறிவித்தன. டிசம்பர் 12-ம் தேதி வரும் இணைய வணிகத் தள்ளுபடித் திருவிழா ஒரு தேசியப் பண்டிகை போலவே ஆகிவிட்டது. இந்தோனேசியாவின் இணைய வணிகம் 2024-ல் சுமார் 6,500 கோடி டாலர் என்று கூகுள், டெமாசெக், பெயின் நிறுவனங்கள் சேர்ந்து வெளியிட்ட ஆண்டறிக்கை மதிப்பிட்டது.

அதுவரை தானா அபாங் தாக்குப்பிடித்தது. கடைக்காரர்களில் பலர் ஆப்பிலும் ஒரு கடை போட்டுக்கொண்டார்கள். நிலைமையைப் புரட்டிப்போட்டது 2021-ல் வந்த டிக்டாக் ஷாப். இந்தியாவில் டிக்டாக் 2020 ஜூனிலேயே தடை செய்யப்பட்டதால் இந்த வியாபார முறை நமக்கு அவ்வளவாகத் தெரியாது. ஒரு பெண் கைப்பேசிக்கு முன்னால் நின்றுகொண்டு, ஒவ்வொரு துணியாக உடுத்திக் காட்டி, நேரலையில் பேசிக்கொண்டே விற்பார். பார்ப்பவர் திரையில் தெரியும் மஞ்சள் நிறக் கூடைப் படத்தைத் தொட்டால் போதும், ஆர்டர் முடிந்தது. 'மஞ்சள் கூடையைச் சொடுக்குங்கள்' என்பது நாட்டில் குழந்தைகள்கூடச் சொல்லும் வாசகமானது.

தானா அபாங்கில் கடைகள் பொழுது சாயும் முன்பே மூடிவிடும். நேரலைக்கு அப்படி நேரக் கட்டுப்பாடு இல்லை. வேலை முடிந்து, சாப்பிட்டு, பாயில் சாய்ந்த பிறகுதான் மக்களுக்குக் கைப்பேசி பார்க்க ஓய்வு. சந்தை தூங்கும் நேரத்தில்தான் அங்கே விற்பனை சூடுபிடிக்கும்.

கதவடைத்த 69 நாள்

2023-ல் கடைக்காரர்களின் முணுமுணுப்பு கூக்குரலானது. ஆப்பில் விற்கும் விலைக்குத் தங்களால் கொள்முதல்கூடச் செய்ய முடியவில்லை என்பதுதான் முக்கியமான புகார். வெளிநாட்டிலிருந்து நேராக வந்து குவியும் மலிவுச் சரக்கின் மீதும் கோபம். அமைச்சர்கள் அடுத்தடுத்து சந்தைக்கு வந்து பார்த்தார்கள். அப்போதைய அதிபர் ஜோக்கோ விடோடோவே இதைப் பற்றிப் பேசினார்.

செப்டம்பர் இறுதியில் வணிக அமைச்சகம் புதிய விதியைக் கொண்டுவந்தது. சமூக ஊடகத்தில் பொருளை விளம்பரப்படுத்தலாம், அதற்குள்ளேயே பணம் வாங்கி விற்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வாங்குபவருக்கு நேரடியாக வரும் பொருளுக்குக் குறைந்தபட்ச விலை 100 டாலர். அக்டோபர் 4, மாலை 5 மணிக்கு டிக்டாக் ஷாப் இந்தோனேசியாவில் விற்பனையை நிறுத்தியது.

சந்தை நிரம்பியதா? இல்லை. ஒரு ஆப் மூடியதும் வாங்குபவர்கள் அடுத்த ஆப்புக்குப் போனார்களே தவிர, ரயிலேறி தானா அபாங் வரவில்லை. கடைக்காரர்கள் சிலர் மற்ற ஆப்களையும் மூடச் சொன்னார்கள். இன்னொரு பக்கம், அதே சந்தையில் நேரலை போட்டுப் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்த கடைகளுக்கு இருந்த வருமானமும் போயிற்று. ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள், ஒருவருக்கு மூடியது நிம்மதி, மற்றவருக்கு இடி.

டிசம்பரில் டிக்டாக் வேறு வழியில் திரும்பியது. டோக்கோபீடியாவின் 75 சதவீதத்துக்குச் சற்று அதிகமான பங்கை வாங்கவும், மொத்தம் 150 கோடி டாலர்வரை முதலீடு செய்யவும் ஒப்புக்கொண்டது. டிசம்பர் 12, அந்தத் தள்ளுபடித் திருவிழா நாளன்றே, மஞ்சள் கூடை மறுபடி திறந்தது. மூடியிருந்தது 69 நாள். அந்த 69 நாளில் சந்தை ஒன்றைக் கற்றுக்கொண்டது: எதிரிக் கடையின் கதவை மூடினால் நம் கடைக்கு ஆள் வருவார்கள் என்று நிச்சயமில்லை. வாங்குபவரின் பழக்கமே மாறிவிட்டது.

"பாக்கெத்!"

மறுபக்கம் மட்டும் சுகமாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். ஜகார்த்தாவின் குறுகலான சந்துகளில் பகல் முழுவதும் கேட்கும் குரல், "பாக்கெத்!" பார்சல் வந்திருக்கிறது என்று கூரியர்காரர் வாசலில் நின்று கூப்பிடுகிறார். பல இடங்களில் முகவரி என்பது மசூதிக்குப் பின்னால், பச்சை கேட் போட்ட வீடு என்ற அளவில்தான் இருக்கும். அவர் வீடு வீடாகக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உலக வங்கியின் 2021 கணக்கின்படி, இந்தோனேசியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வங்கிக் கணக்கு இல்லை. அதற்கும் இரண்டு வழி கண்டுபிடித்தார்கள். ஒன்று, தெருமுனையில் இருக்கும் இந்தோமாரெத், அல்ஃபாமார்த் கடைகளுக்குப் போய், ஆப் கொடுத்த எண்ணைக் காட்டி ரொக்கமாகக் கட்டுவது. இன்னொன்று, பொருள் வந்ததும் கையில் பணம் கொடுப்பது. இந்த இரண்டாவது வழி கூரியர்காரரின் தலையில் விடிந்தது. பிரித்துப் பார்த்து, 'நான் கேட்டது இது இல்லை' என்று பணம் தர மறுப்பவர்களிடம் மாட்டிக்கொள்வது அவர்தான். பார்சலை உள்ளே வைத்தவர் எங்கோ இருக்கிறார், திட்டு வாங்குபவர் வாசலில் நிற்கிறார். 2021-ல் கூரியர்காரர்களை வாடிக்கையாளர்கள் மிரட்டும் காணொளிகள் அடுத்தடுத்துப் பரவியபோதுதான் நாடு இதைப் பேசத் தொடங்கியது. பொருள் சரியில்லை என்று புகார் செய்ய வேண்டுமானால் பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்திருக்க வேண்டும் என்று பல விற்பனையாளர்கள் நிபந்தனை போடுகிறார்கள். கடையில் துணியை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த இடத்தில், இப்போது இந்த வீடியோ.

விற்பவருக்கும் நிம்மதி இல்லை. சந்தையில் கடை வாடகை என்றால், ஆப்பில் கமிஷன். இலவச டெலிவரித் திட்டத்தில் சேர ஒரு கட்டணம். தேடும்போது மேலே தெரிய விளம்பரக் கட்டணம். வாடகையை உயர்த்தினால் கட்டட உரிமையாளரிடம் போய்ச் சண்டை போடலாம். ஆப்பில் யாரிடம் போவது? போட்டி தாங்காமல் ஆப்களே சாய்கின்றன. 'ஜேடி.ஐடி' 2023 மார்ச்சில் மூடிப்போனது. 2021-ல் பெரும் ஆரவாரத்தோடு பங்குச் சந்தைக்கு வந்த புக்காலாபாக், பொருள் விற்பனையை நிறுத்தப்போவதாக 2025 ஜனவரியில் அறிவித்தது. அதை நம்பிக் கடை விரித்தவர்கள், வருடக்கணக்கில் சேர்த்த நட்சத்திரங்களையும் நல்ல விமர்சனங்களையும் வேறொரு ஆப்புக்கு மூட்டை கட்டிக்கொண்டு போக முடியாது.

ஆனால் ஆப் திறந்துவிட்ட வாசலையும் மறுக்க முடியாது. முன்பு ஒரு சிறு நகரத்தில் வீட்டிலிருந்து முக்காடு தைக்கும் பெண்ணுக்கு, தன் சரக்கை ஜகார்த்தாவில் விற்க இடைத்தரகர் வேண்டும். இன்று அவரே ஒரு கடை. தானா அபாங்கில் கடை எடுக்க அவருக்கு என்றைக்குமே முதல் இருந்ததில்லை.

ரோஜாலி வருகிறார்

2025-ல் இந்தோனேசியர்களின் வாயில் ஒரு புதுப் பெயர் புழங்கியது: 'ரோஜாலி'. ஆள் பெயர்போல இருந்தாலும், 'கூட்டமாக வந்து அரிதாக வாங்குபவர்கள்' என்பதன் சுருக்கம் அது. அதற்குத் துணையாக 'ரொஹானா' என்று இன்னொரு சுருக்கம், 'கூட்டமாக வந்து விலை மட்டும் கேட்பவர்கள்'. பெரிய மால்களைப் பற்றி எழுந்த கேலி இது. ஏசி காற்று வாங்கி, துணியைத் தொட்டுப் பார்த்து, நிறத்தையும் அளவையும் மனதில் குறித்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் ஆப்பில் ஆர்டர் போடுகிறவர்கள். சிரிப்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் மக்கள் கையில் செலவுக்குப் பணம் குறைந்துவிட்டதோ என்று பொருளாதாரம் தெரிந்தவர்களும் அப்போது விவாதித்தார்கள். கடைகள் காலியாகக் கிடப்பதற்கு ஆப் மட்டுமே காரணமில்லை.

தானா அபாங்கில் எஞ்சியிருக்கும் கூட்டம் எதற்காக வருகிறது என்று கவனித்தால் ஒன்று புரியும். ஒரே ஒரு சட்டை வாங்க வருபவர் குறைந்துவிட்டார். கோடிக் கணக்கில் எடுப்பவர் இன்னும் வருகிறார். 200 சட்டைக்குப் பணம் போடுபவர் படத்தை மட்டும் நம்பமாட்டார். தையலைத் திருப்பிப் பார்ப்பார், துணியைக் கசக்கிப் பார்ப்பார். கடைக்காரரின் முகத்தையும் பார்ப்பார். அப்படி எடுத்த சரக்கைத் தன் ஊரில் நேரலையில் விற்பவர்களும் அவர்களில் உண்டு. ஆப்பில் வாங்கும் துணியில் ஒரு பகுதி, இந்தச் சந்தை வழியாகவே போகிறது.

ரம்ஜானுக்கு முன் சந்தை பழைய உருவத்தைக் காட்டும். ஒரு வருடம் வேலை பார்த்த தொழிலாளிக்குப் பண்டிகைக்கு ஒரு மாதச் சம்பளத்தைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தப் பணத்தோடு, ஊருக்குப் புறப்படும் முன் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் துணி எடுக்க வருகிறார்கள். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையைக் கற்பனை செய்துகொண்டால் போதும்.

சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் அந்த இரண்டு வாரத்தைத் தவிர்த்துவிட்டு, சாதாரண நாளில் மதியத்துக்குள் போவது நல்லது. ஒன்று எடுத்தால் ஒரு விலை, மூன்று எடுத்தால் வேறு விலை என்பதால் சேர்த்து வாங்குவது லாபம். பணத்தை எண்ண வேண்டிய அவசியமும் பல கடைகளில் இல்லை. 2019-ல் வந்த 'க்ரிஸ்' என்ற தேசிய க்யூஆர் முறையின் அட்டை மேசையில் இருக்கும். ஆனால் அதற்கு உள்ளூர்க் கணக்கோ, அதோடு இணைந்த ஆப்போ வேண்டும் என்பதால், கையில் கொஞ்சம் ரூப்பியா வைத்திருப்பது நல்லது.

மதியத்துக்குப் பிறகு சில கடைகளில் வட்ட விளக்கு எரியத் தொடங்கும். ஸ்டாண்டில் கைப்பேசி, அதன் முன்னால் ஓர் இளம்பெண், தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டும் முக்காடுகள். கடைக்கு வெளியே ஆள் இல்லாவிட்டாலும் அவள் குரல் ஓயாது. கடை உரிமையாளர் பின்னால் உட்கார்ந்து, ஆர்டர் ஆனவற்றைக் கறுப்பு பிளாஸ்டிக் உறைகளில் போட்டு ஒட்டிக்கொண்டிருப்பார். அவர் இரண்டு சந்தைக்கும் வாடகை கொடுக்கிறவர்.

அவர் எப்படியோ சமாளித்துக்கொள்வார். கேள்வி, படிக்கட்டு ஓரத்தில் தோள்துண்டை மடித்து வைத்து உட்கார்ந்திருக்கும் குலியைப் பற்றியது. கோடி கோடியாகத் துணி எடுத்தவரின் மூட்டையை வண்டிவரை தூக்கிக் கொடுத்தால்தான் அவருக்கு அன்றைய கூலி. கறுப்பு உறைகளை அள்ளிப்போக மாலையில் கூரியர்காரர் பைக்கில் வந்துவிடுவார். அவருடைய சாக்கை அவரே தூக்கிக்கொள்கிறார்.